கேட்காமலே கொடுத்த விசா

காஞ்சிபுரம்
12-8-1999

அன்பு மகன் இளங்கோவனுக்கு அப்பா கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சுவருக்குள்ளே கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் செருப்பு ஸ்டாண்டைத் திறக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகிற ஜெயில் ஆபீசர் ஐயாவுக்கும் என் வணக்கம். தமிழ் தெரிந்தவராக இருந்தால் என் பிழைகளை மன்னிக்கட்டும், நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், மூன்றாம் வகுப்புக்கும் என்னைப் பிடிக்கவில்லை. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மரியாதை. உன் அப்பன் போன மாதம் கோயில் வாசலில் ஊரே பார்க்க ஒரு பட்டுக்கடை மேனேஜர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்த வேகத்தில் முழங்கை சிராய்த்து, நீ வாங்கி அனுப்பிய சட்டை அக்குளில் கிழிந்தது. அந்த மேனேஜருக்கு உன் வயதுதான் இருக்கும்.

நடந்தது இதுதான். உன்னைப் பிடித்து வைத்திருக்கிற நாட்டு மந்திரி ஒருவர் மெட்ராஸ் துறைமுகத்தைப் பார்க்க வருகிறார், அந்த நாட்டுக் கான்சல் ஆபீஸ்காரர்கள் அவரைக் காஞ்சிபுரத்துக்கும் கூட்டி வந்து கோயிலையும் பட்டுக்கடையையும் காட்டப்போகிறார்கள் என்று டைப் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிற நம் கியாசுதீன் பாய் பேப்பரில் படித்துவிட்டு ஓடி வந்தார். விட்ராத கண்ணாயிரம், கடவுளே ஆள் அனுப்பறான் என்று சொல்லி அவரே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மனு அடித்துக் கொடுத்தார். போலீஸ் எடுத்த அந்தப் பை என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் விட்டுப்போனது, அதில் என்ன இருந்தது என்று என் மகனுக்குத் தெரியாது, கோர்ட்டெல்லாம் முடிந்துவிட்டது, உங்கள் ராஜாதான் கருணை காட்ட வேண்டும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. எனக்குத் தமிழில் படித்துக் காட்டும்போது தண்டனை என்னவென்று எழுதியிருந்த வரியை மட்டும் பாய் இருமிக்கொண்டே தாண்டிவிட்டார். நானும் என்ன இருமல் பாய் என்று கேட்கவில்லை.

அன்றைக்குக் கோயில் வாசலில் கார்கள் வந்து நின்றன. செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று நான் எத்தனை வருடமாகப் பீற்றிக்கொள்கிறேன், உனக்குத் தெரியாதா. கோட்டு சூட்டோடு ஒருவர் இறங்கி வந்து கறுப்பு ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தார், அதில் என் மூஞ்சி தெரிந்தது, அப்படி ஒரு பளபளப்பு. நம் நிறத்தில்தான் இருந்தார். அந்த நாட்டில் நம் ஆட்களும் மந்திரியாக இருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, இவர்தான் மந்திரி என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் உள்ளே போய்விட்டு வரும்போது தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு வந்தார். பரிவட்டம் கட்டி அனுப்பினால் அதற்கு மேல் என்னடா சாட்சி வேண்டும்? இதற்கு நடுவில் அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கி என் ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. வண்டி டிரைவர் என்று நினைத்து, யோவ், பெரிய மனுஷங்க வர நேரத்துல வழிய மறிச்சிக்கினு நிக்கறியே, ஓரமா போய்யா என்று கையை ஆட்டி விரட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கை கூப்பிவிட்டு ஓரமாகப் போனார். அப்புறம் பரிவட்டக்காரர் படி இறங்கினதும் நான் விழுந்தேன். எம்புள்ளைய காப்பாத்துங்க சாமி என்று நான் போட்ட சத்தத்தில் பூக்காரிகள் எழுந்துவிட்டார்கள். அவரும் பதறிப்போய் மனுவை வாங்கிக்கொண்டு, எந்திரிங்க பெரியவரே, ஆவட்டும், நான் சொல்றேன் என்றார். போலீஸ்காரர் என்னைத் தூக்கி நிறுத்தினார். நான் அழுதுகொண்டே அந்த ஷூவை என் துண்டால் துடைத்துக் கொடுத்தேன்.

உன் அம்மா அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். அடிப்பிடித்த பங்கு எனக்கு, அது வழக்கம்தான். மறுநாள் பாய் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. போட்டோவில் நடுவில் நின்றவர் அரைக்கைச் சட்டைக்காரர். அவர்தான் மந்திரி. வேறு மதம் என்பதால் கொடிமரத்தோடு நின்று நூற்றுக்கால் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு முதலிலேயே வெளியே வந்திருக்கிறார். எப்படியும் கழற்றத்தானே வேண்டும் என்று ரப்பர் செருப்பு போட்டு வந்த மனிதர். உள்ளே அவருக்கென்று எடுத்து வைத்த பரிவட்டமும் மாலையும் வீணாகக் கூடாது என்று கூட வந்தவர்களில் கோட்டு போட்டவருக்குக் கட்டிவிட்டார்கள். அவர் மந்திரியைக் கடைக்கு அழைத்துப்போக வந்த மேனேஜர் சிட்டிபாபு, இந்த ஊருக்குப் புதிது.

நான் கடைக்குப் போனேன். சிட்டிபாபு என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மேசை டிராயரைத் திறந்து மனுவை எடுத்துக் கொடுத்தார், பாய் மடித்த மடிப்பு கலையவில்லை. தப்புதாங்க, நீங்க விழுந்த வேகத்துல நான் அவரில்லன்னு சொல்ல வாய் வரல, அப்பறம் பொடவ பாக்கற எடத்துல இந்த மாதிரி விஷயத்த எப்படி எடுக்கறதுன்னு விட்டுட்டேன் என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல ஷூ வாங்கற காசுல நாக்க வாங்க முடியாது தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதையும் சொல்லியிருக்க வேண்டாம், பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவர் மேல் என்ன கோபம், மந்திரி என் முன்னால் வந்து நின்றார், நான்தானே கையை ஆட்டினேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா திட்டுவாள் என்று பார்த்தால் அவள் திட்டவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

அப்புறம் நானே மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களாக இருக்கிற தெரு, கேட்டுக்குக் கேட்டு ஒரு நாட்டுக் கொடி, எது எந்த நாடு என்று எனக்கு எப்படித் தெரியும். விசாரித்துப் போய்ச் சேர்ந்த கான்சல் ஆபீஸ் கேட்டில் விசாவுக்கு நிற்கிற கூட்டம் தெரு முனை வரைக்கும், எல்லோர் கையிலும் பைல், எல்லோர் முகத்திலும் பரீட்சை பயம். வாட்ச்மேன் தேவசகாயம் என்று ஒருவர், நம் வாலாஜாபாத்காரர், என் பேச்சைக் கேட்டதும், இன்னா பெரியவரே நம்மூரா, இப்படி வாங்க என்று உள்ளே விட்டார். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அம்மாதான் ஆபீசர். மந்திரி ஊருக்குத் திரும்பிப் போயாயிற்று, மனுவை நான் அனுப்பிவைக்கிறேன், ஆனால் முடிவு அவர் கையில் இல்லை, ராஜாவும் அவருடைய சபையும் கூடித்தான் சொல்வார்கள், நான் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னாள். நான் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினேன். பிறகு அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், விசா நானே போட்டுத் தருகிறேன், பாஸ்போர்ட்டுக்கும் சீக்கிரம் கிடைக்கும்படி எழுதிக் கொடுக்கிறேன், தள்ளிப்போடாதீர்கள் என்றாள். வெளியே அத்தனை பேர் கெஞ்சியும் கொடுக்காததை எனக்குக் கேட்காமலே கொடுக்கிறாள் இளங்கோ. அப்போதுதான் பாய் இருமித் தாண்டிய அந்தத் தண்டனை வரி எனக்கு முழுதாகப் புரிந்தது. உனக்கு இதை விளக்கி எழுத வேண்டியதில்லை. உன்னிடம் மறைத்து நான் என்ன செய்யப்போகிறேன். ஆனால் சபை இன்னும் கூடவில்லை, மனு போயிருக்கிறது, இன்னும் யார் காலாவது மீதி இருந்தால் அங்கேயும் விழுவேன், இந்த முறை பெயரைக் கேட்டுக்கொண்டு விழுவேன்.

அம்மாதான் வருகிறாள். ஒருவருக்குத்தான் என்றதும் எங்களுக்குள் பேச்சே நடக்கவில்லை, அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள். நான் வந்தால் உன்னைக் கேலி பேசுவேன், அதற்கு இந்தக் கடிதமே போதும். பஸ்ஸில் பக்கத்துச் செவிலிமேட்டைத் தாண்டினாலே தலை சுற்றுகிறவள் ப்ளேனில் வரப்போகிறாள். பாஸ்போர்ட் போட்டோவில் அவள் முறைக்கிற முறைப்பைப் பார்த்தால் உள்ளே இருப்பது நீயா அவளா என்று சந்தேகம் வரும். உன் அம்மா ரேணுகாம்பாளுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரியாது. ஆபீசர் அம்மா மனம் இளகி விசா கொடுத்துவிட்டாள், நல்ல சகுனம், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஊறுகாய் போடுகிறாள். நான் மாற்றிச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவள் வருகிற அன்றைக்கு முகத்தைச் சவரம் செய்துகொண்டு நில், இளைத்துப் போயிருந்தால் அந்த ஊர்ச் சமையல் மேல் பழியைப் போடு, அவளுக்கு அது சந்தோஷமாக இருக்கும். ஊறுகாயை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் கொண்டு வரட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் அழுதால் நீ அழாதே, நீ அழுதால் அவள் நிறுத்திவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், அவளுக்கும் அழ இடம் வேண்டும். நடந்ததை நீ சொன்ன அன்றைக்கே நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன், ஜெயில் ஆபீசர் ஐயாவும் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

வரதரும் காமாட்சியும் உன் தலைமாட்டில் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு, ஒரு வரியானாலும் போடு, அம்மா கிளம்புவதற்குள் வந்தால் அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவாள்.

இப்படிக்கு உன்னைப் பெற்ற கேலிக்காரன்,
கண்ணாயிரம்

எழுத விட்டுப்போனது: அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், அவளிடம் இதைச் சொல்லவில்லை. விசா தருகிறேன் என்றதும் நான் அந்த ஆபீசர் அம்மா காலிலும் விழுந்தேன். எழுந்திருக்கும்போது பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த அந்த நாட்டுக் கொடிக்கம்பத்தில் என் தோள் பட்டு அது கீழே விழுந்தது. கம்பத்திலிருந்து கொடி கழன்றுவிட்டது. நானே எடுத்து மாட்டி நிமிர்த்தி வைத்தேன். தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அந்த அம்மா வந்து சரியாக மாட்டினாள்.