ஷட்டரை இறக்கிய நாள்

ஆவணி 10, செவ்வாய்

காலையில் தெருமுனை டீக்கடைக்காரர் போன் போட்டு, "ஆபீசர் ஒருத்தர் வர்றாருங்க" என்றார். லைசென்ஸ் வேறு புதுப்பிக்காமல் கிடக்கிறது. எங்கள் வீதி வழக்கப்படி தையல் மெஷின்களை நிறுத்தி ஷட்டரை இறக்கிவிட்டேன். அவர் தட்டத் தட்ட, டெய்லர்களோடு நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பிப்போய் டீக்கடையில் பேச, கடைக்காரர் மறுபடி போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் மனுப் போட்டிருந்த மானியக் கடனுக்காக, மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க வந்தவராம். 'தொழில் நடக்கவில்லை' என்று எழுதியும் விட்டார். விழுந்தடித்து ஓடினேன்.

"உள்ளதானுங்க சார் இருந்தேன்."

"அப்புறம் ஏனுங்க திறக்கலை?"

உண்மையைச் சொல்ல முடியுமா? "தூங்கிட்டேனுங்க" என்றேன். நல்ல முதலாளி!

மறுபடி மனுப் போடச் சொல்லிவிட்டார். அந்தக் கடனில் வாங்க நினைத்த, துணி ஓரம் அடிக்கிற புது ஓவர்லாக் மெஷின் வராவிட்டால் தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். பிடுங்க வருகிறவரும் கொடுக்க வருகிறவரும் ஒரே மாதிரி பையோடு வந்தால் நான் எதைக் கண்டேன்?

"யாருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாயில இருக்கற முத்து உதிர்ந்திருக்குமாக்கும்" என்கிறாள் வீட்டுக்காரி.

நாளையிலிருந்து ஷட்டரைத் திறந்தே வைக்கலாம் என்றிருக்கிறேன். மானியக்காரர் மறுபடி வருவதற்குள் லைசென்ஸ்காரர் வந்துவிட்டால்...