காதுக்குப் பதில் ஒரு மீட்டர்

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து காற்று. பட்டறைக் கூரையின் தகரம் ஆடுவது தெரிகிறது, சத்தம் பாதிதான்.

மீட்டர் பார்சல் வந்தது. புகைக்குழாயில் ஓட்டை போட்டு சென்சாரை மாட்ட வேண்டும். காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகிறது என்று எண்ணில் காட்டும். இருபத்தாறு வருஷம் காதை வைத்தே கார்புரேட்டர் டியூனிங். இனி எண்.

தேனி டாக்டர் சொன்னது: கனத்த சத்தம் கேட்கும், சன்னச் சத்தம் போய்விட்டது, திரும்பாது. காதில் மெஷின் வைக்கச் சொன்னார். காது மெஷின் வைத்த மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்? பெண்டாட்டி செல்வியிடமும் சொல்லவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

கோம்பை ராசுவின் பெட்ரோல் ஜீப். ஏலக்காய் வியாபாரி, ஆனால் உசிரெல்லாம் சேற்றுப் பந்தயத்தில். ஞாயிறு மலைக்கு மேலே போட்டி. வேகம் வேண்டுமென்று இன்ஜின் ஹெட்டைச் சீவி, ஸ்பார்க் டைமிங்கையும் முன்னுக்கு வைத்திருக்கிறேன்.

ஐடிலில் 13.9. மிதித்தால் 15.4, பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் விடும் ஜெட்டை ஒரு சைஸ் பெரிசாகப் போட்டேன்: 14.1. இன்னும் ஒன்று: 12.7. அப்பாடா.

ராசு: "என்னண்ணே, இன்ஜின்ட்ட குனிஞ்சு கேக்காம டிவி பாக்குறீக?"

சிரித்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: கேஸ்கட், கிளாம்ப் 2, கைத்துடைப்புத் துணி.

ஜூலை 8, புதன்

மூணு விசிலில் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு செல்வி கடைக்குப் போனாள். பருப்பு கருகிவிட்டது. "ஒங்கட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்றாள். மூக்காவது வேலை செய்யக் கூடாதா என்றும் கேட்டாள். பயமாக இருக்கிறது.

ஜூலை 9, வியாழன்

சாரல். கம்பம்மெட்டு மலை ரோட்டில் ஜீப்பை ஏற்றிப் பார்த்தோம். ராசு ஓட்ட, மடியில் மீட்டரோடு நான். செகண்ட் கியர், முழு மிதி. 12.7, 12.8, 12.7. அசையவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷம். ராசு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கட்டைவிரலைக் காட்டினேன்.

ரெண்டு வளைவு தாண்டி, சட்டென்று இழுவை போனது. பின்னால் நீலப் புகை. கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

ஜூலை 10, வெள்ளி

ஹெட்டைக் கழற்றினேன். மூணாவது பிஸ்டனில் விரல் நுழையும் ஓட்டை.

கலவையில் தப்பில்லை. டைமிங் முந்தியதில் இன்ஜின் உள்ளே தட்டியிருக்கிறது. அதை இந்த மீட்டர் காட்டாது. சன்னமாக டிக் டிக்கென்று வரும், காதால்தான் பிடிக்க வேண்டும். கேட்ட உடனே மிதியிலிருந்து காலை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ராசு பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "கீழ் வளைவுலருந்தே டிக்கு டிக்குன்னுச்சுண்ணே. அதான் ஒங்களைத் திரும்பிப் பாத்தேன். கட்டைவிரலைக் காட்டுனீக. அண்ணனுக்குத் தெரியாததான்னு மிதிச்சேன்."

ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சு. தாங்கும்னு நெனச்சேன்" என்றேன்.

பிஸ்டனைக் கீழே வைத்தான். நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அண்ணே என்று சொல்லவில்லை.