சொட்டையின் முழுப் பெயர்

ஜூலை 8

முதல் வகுப்பு. வரலாற்று ஆசிரியை உள்ளே வந்ததும் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருஷப் பட்டாளப் பழக்கம் — கால் என்னைக் கேட்பதில்லை. என்னைப் பார்த்து வகுப்பே எழுந்தது. ஆசிரியைக்கு முப்பதுகூட இருக்காது. "சார், நீங்க உக்காந்தாதான் இவங்க உக்காருவாங்க" என்றார்.

நாற்பத்தைந்து வயதில் பி.ஏ. தேவையா? விண்ணப்பத்தை நிரப்பியது வீட்டுக்காரி. "வீட்ல சும்மா இருந்து என் உயிர எடுக்காதீங்க."

ஜூலை 19

பிள்ளைகள் எனக்கு 'ஜெனரல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ஓட்டியது தண்ணீர் லாரி. சொல்லவில்லை. பதவி உயர்வை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆகஸ்ட் 2

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். அடுத்த மாதம் படைவீரர்களுக்கு மரியாதை விழா. எனக்குக் கேடயமாம். பேச்சையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்: 'எதிரிகளைக் கதிகலங்க வைத்தேன்.' நான் கதிகலங்க வைத்தது ரோட்டில் மேய்ந்த ஆடுகளை மட்டும்தான்.

கூடவே, உயிர்விட்ட உள்ளூர் வீரர்கள் பட்டியல். ஏழு பேர். அதில் சொட்டையின் பெயர் இல்லை.

பதினோரு வருஷம் என்னோடு மாறி மாறி அந்த லாரியை ஓட்டியவன். மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உருண்டு செத்தான்.

"அது விபத்துதானே? போர்ல சாகலையே" என்றார் முதல்வர்.

"தண்ணியில்லாம எவன் சார் சண்ட போடுவான்?" கத்திவிட்டேன். கேடயத்த நீங்களே வெச்சுக்குங்கன்னு வந்துட்டேன்.

அவன் செத்த அன்னிக்கு வண்டி என் முறை. காய்ச்சல்னு படுத்துட்டேன். அவன் போனான். இத யார்கிட்ட சொல்றது?

ஆகஸ்ட் 3

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ஒம்பது வருஷமா இதத்தான் முழுங்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். பிறகு வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

ஆகஸ்ட் 14

சொட்டையைப் பற்றியே வகுப்புக் கட்டுரை எழுதினேன். இருபதுக்கு எட்டு. "பாசம் நிறைய இருக்கு சார். ஆதாரம் எங்க?" என்றார் ஆசிரியை. எட்டு! பட்டாளத்தில்கூட இவ்வளவு அசிங்கப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 20

ஆதாரம் தேடிச் சொட்டையின் மனைவி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் தலைகாட்டாத வாசல். தையல் மெஷினுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியில் பட்டாளத்துக் கடிதம்: 'பணியின்போது உயிர்நீத்தார்.' காய்ச்சல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ண்ணே. கெளம்பும்போது போன் பண்ணாரு. 'காய்ச்சல்னு நடிக்கிறான்'னு உங்கள ஒரே திட்டு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நடிக்கலடா துரோகி, நூத்தி மூணு டிகிரி!

ஆகஸ்ட் 27

திருத்திய கட்டுரை, கடிதத்தின் நகலோடு. பதினாறு. ஆசிரியையே அதை முதல்வரிடம் கொண்டு போனார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "அவர் பேரையும் சேத்தாச்சு. இப்பவாவது மேடைக்கு வருவீங்களா?" என்றார்.

செப்டம்பர் 12

விழா. எட்டாவதாகச் சொட்டையின் முழுப் பெயரை வாசித்தார்கள். யாரோ அந்நியனைக் கூப்பிட்டது போல இருந்தது. அவன் மனைவி மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எழுதிக்கொடுத்த பேச்சைச் சட்டைப்பையில் செருகிவிட்டு லாரியைப் பற்றியும் அவனைப் பற்றியும் பேசினேன். ஜெனரல் பதவி அத்தோடு போச்சு. இப்போது பிள்ளைகள் கூப்பிடுவது 'தண்ணி வண்டி'. வெளியாள் கேட்டால் என்ன நினைப்பான்!

ஜூன் 3

இரண்டாம் வருஷக் கட்டணம் கட்ட வரிசையில் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் சொட்டையின் மனைவி. கையில் சேர்க்கைப் படிவம்.

"வரலாறா?" என்றேன்.

"கணக்குண்ணே. ஒரே வண்டியில உங்களோட அவரு பட்டது போதும்."