படகு இறங்கவில்லை

9 நவம்பர் 1985, சனி

மதியம் பக்கத்து வீட்டு ஜியாவுல்லா பாய் போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார், மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. இன்று கப்பல் கிளம்புகிறதாம். இந்தத் தடவை சரக்கில் நம் ஆம்பூர்த் தோலும் இருக்கிறது என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. இடது பக்கத்து உயிர்காப்புப் படகை இறக்கும் கப்பி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. கேப்டன் சொல்லியும் கம்பெனிக்காரர்கள், அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களாம்.

“அப்போ போவாதீங்க.”

“நான் இறங்கிட்டா என் இடத்துல இன்னொருத்தன் ஏறுவான் புஷ்பம். கப்பி அப்படியேதான் இருக்கும்.”

மூன்றாவது இன்ஜினியரான இவர் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு?

12 நவம்பர், செவ்வாய்

புயல். ரேடியோவில் திரும்பத் திரும்ப அதே எச்சரிக்கை. பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் முறை வைத்துப் பாலத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! வார்டெல்லாம் சிரிப்பு. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிலுக்கு என்று மறந்து நின்றேன்.

13 நவம்பர்

பாய் கம்பெனிக்குப் போன் போட்டார். “தொடர்பு இல்லையாம்மா.” தொடர்பு இல்லை என்றால்? கெட்டது ரேடியோவா, கப்பலேதானா?

14 நவம்பர்

சமைக்கவில்லை. ஜெபமும் வரவில்லை.

15 நவம்பர்

தகவல் வந்துவிட்டது. புயல் திரும்பத் தள்ளிவந்து, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கப்பல் தரைதட்டியிருக்கிறது. மீனவர்கள் சிலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். யார் யார் — தெரியாது.

பாயின் மனைவி மஹ்பூபி அக்கா புர்காவை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “கார் எடுக்கச் சொல்லிட்டேன், ஏறு. உக்காந்து யோசிச்சா பேஜாருதான்.”

16 நவம்பர்

நம் ஆற்றின் செம்மண் நீர் கடலுக்குள் நெடுந்தூரம் தனியாகத் தெரிகிறது. அதற்கப்பால் கப்பல், ஒருக்களித்துக் கிடக்கிறது. கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். நண்டுகள் அதில் ஒட்டிச் செத்திருந்தன. ஒரு கூழைக்கடா சிறகைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. மீனவப் பெண் ஒருத்தி அதை மடியில் அமுக்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தார்ப்பாயின் கீழே வரிசையாகக் கால்கள். நர்ஸ் என்று சொல்லி, ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்த்தேன். அவர் இல்லை. சந்தோஷப்பட்டேனே ஆண்டவரே — அங்க கெடந்தவங்களும் யாரோ ஒருத்தியோட புருஷன்தானே.

பிழைத்தவர்களைப் படுக்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இவர் இருந்தார். வலது கை முறிந்திருந்தது. எண்ணெய் பட்டுக் கண் திறக்கவில்லை. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

“வலது பக்கத்துப் படக அலை அடிச்சிட்டுப் போய்டுச்சு. இன்னொண்ணுல சமையல்காரர் கோதண்டராமன் ஏறி உக்காந்து என்னையும் கூப்ட்டாரு. ஒரு முனை இறங்குச்சு, இன்னொண்ணு இறங்கல. அப்படியே எல்லாரையும் கடல்ல கொட்டிடுச்சு புஷ்பம்.”

1 டிசம்பர், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தால், வாசலில் கம்பெனி ஆள். படகு நன்றாகத்தான் இருந்தது, பயத்தில் ஆட்கள் தப்பாக இறக்கிவிட்டார்கள் என்று விசாரணையில் சொன்னால் போதுமாம். கை குணமானதும் புதுக் கப்பல், பெரிய பதவி. கரையில் கிடக்கும் எண்ணெயும் அவர்கள் கப்பலுடையது இல்லையாம்!

அந்த ஆள் போனதும் நான் சொன்னேன்: “பெரிய இடத்துப் பகை நமக்கு வேணாங்க. கேக்கறதச் சொல்லிட்டு, கடலையே விட்டுடுங்க.”

“செத்துப்போன கோதண்டராமன் தப்பா எறக்கினாருன்னா சொல்லணும்?”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு இவர் உயிரோடு வீட்டில் இருக்க வேண்டும். அது தப்பா?

18 பிப்ரவரி 1986, மெட்ராஸ்

விசாரணை. “மிஸ்டர் இன்பசேகரன், அன்றைக்குக் குடித்திருந்தீர்களா?” என்றார் கம்பெனி வக்கீல். பலர் சிரித்தார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது.

“நான் குடிக்கறதில்லீங்க. கப்பி ஓடலன்னு நான் கேப்டன்கிட்ட சொன்னேன். அவரு கம்பெனிக்குச் சொன்னாரு. இப்ப அவரு இல்ல. அதனால நான் சொல்றேன்.”

சிரிப்பு நின்றது. பின் பெஞ்சில் கோதண்டராமனின் மனைவி அன்னம்மாள் எழுந்து நின்றாள். இவர் பேசி முடிக்கிறவரை உட்காரவில்லை. அவளைப் பார்த்த பிறகு என் பயத்தை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6 மே

தப்பு கம்பெனியுடையது என்று தீர்ப்பு. அவர்களுடைய மற்ற இரண்டு கப்பல்களும் படகுகளை மாற்றும்வரை நகரக்கூடாது. மீனவர்களின் எண்ணெய் வழக்கு இன்னும் இழுக்கிறது. இவருக்கு எந்தக் கப்பலிலும் வேலை இல்லை. முடியாது என்று யாரும் சொல்லவில்லை, பதில்தான் வருவதில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லர் பார்க்கச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆவி வெளியேறும் வால்வு சிக்குகிறதாம். நெருப்பை அணைத்துவிட்டாராம். முதலாளி கத்தினாராம்.

“நாளைக்கு வேல இருக்குமா?”

“தெரியல.”

சாதம் போட்டேன்.

சாயங்காலம் ஆள் வந்தது. “வால்வு மாத்தியாச்சு சார். நீங்க வந்து பாத்து சொன்னாத்தான் பத்தவைப்போம்னு ஆளுங்க வெளியவே நிக்கறாங்க.”

வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. சட்டைப் பித்தான்களை நான் போட்டுவிட்டேன். கிளம்பிப் போயிருக்கிறார்.