அமுக்கிப் பிடித்த விரல்

மார்ச் 4, செவ்வாய்

மென்பொருள் சோதனையிலிருந்து சிப் சோதனைக்கு மாறிய பிறகு இன்றுதான் முதன்முதலாக சிமுலேட்டரைத் திறந்தேன். மாதக் கடைசிவரை என் வேலையைப் பார்ப்பார்களாம். சரிப்பட்டு வராவிட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் குழுத் தலைவி மேடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டருக்கான அலாரம் சிப். சூடு ஏறினால் கத்த வேண்டும். உள்ளே காற்றை அனுப்பும் விசிறி நின்றாலும் கத்த வேண்டும். நர்ஸ் பட்டனை அழுத்தினால் அடங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிப் இன்னும் பிறக்கவில்லை. இப்போதைக்கு அது வெறும் எழுத்து, வரிவரியாக எழுதிய நிரல். அதை சிமுலேட்டர் வழியாகக் கணினிக்குள் பொய்யாக ஓட்டிப் பார்க்கிறோம். இருபத்து நான்காம் தேதி தொழிற்சாலைக்குப் போகிறது. போனால் போனதுதான், ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

இதை வடிவமைத்தவரை எல்லோரும் பென்சில் என்றே கூப்பிடுகிறார்கள். காதில் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லையாம். என் முதல் சந்தேகத்துக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். “மேலேர்ந்து கீழ வரிவரியா படிக்காதீங்க. இங்க எல்லா வரியும் ஒரே நேரத்துல நடக்குது.”

ஒரே நேரத்திலா? அப்படியானால் எதை முதலில் பார்ப்பது? பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒவ்வொரு சிக்னலுக்கும் திரையில் ஒரு கோடு. ஏறினால் ஒன்று, இறங்கினால் பூஜ்யம். சிப்பின் நாடித்துடிப்பான கிளாக் மட்டும் சீப்பின் பல் மாதிரி விடாமல் ஏறி இறங்குகிறது.

எனக்கு மட்டும் எல்லாக் கோடும் சிவப்பு. கெடுத்துவிட்டேனோ? பென்சில் போகிற போக்கில் எட்டிப் பார்த்தார். “ரீசெட் குடுத்தீங்களா?” கொடுக்கவில்லை. எல்லாக் கோட்டையும் முதலிலிருந்து தொடங்க வைப்பது அதுதானாம்.

சிவப்பு என்றால் தப்பு இல்லையாம். ஒன்றா, பூஜ்யமா — தெரியாது என்று அர்த்தமாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கணினியை இன்றுதான் பார்க்கிறேன். ஒரு சிவப்புக் கோட்டை நம்பியிருந்த இன்னொன்று சிவக்கிறது, அதை நம்பியிருந்தது அடுத்து சிவக்கிறது. எங்கிருந்து தொற்றியது என்று பின்னாலேயே தேடிப்போனேன். டீ ஆறிப்போனது.

மார்ச் 7, வெள்ளி

டெஸ்ட்பெஞ்ச் எழுதக் கற்கிறேன். சிப்பைச் சுற்றி நாமே கட்டும் ஒரு பொய் உலகம். பொய்ச் சூடு, பொய் விசிறி, பட்டனை அழுத்தப் பொய் விரல். என் விரல் ஒரே ஒரு கிளாக் துடிப்புக்கு அழுத்திவிட்டு எடுத்துவிடும். பழைய டெஸ்ட்களில் அப்படித்தான் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன்.

“ஆக மொத்தம் சம்பளம் வாங்கிட்டு விளையாடுறே,” என்றார் இவர், துணி மடித்துக்கொண்டே. கட்டிக்கொண்டவரிடம் மறுக்க என்ன இருக்கிறது?

மார்ச் 12, புதன்

மானம் போயிற்று.

சூடு ஏறியும் அலாரம் அடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். பென்சில் வந்து கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். கிளாக் ஏறுகிற அதே கணத்தில் நான் சூட்டை மாற்றியிருக்கிறேன். சிப் பழையதைப் பார்க்குமா, புதியதைப் பார்க்குமா? யாருக்கும் நிச்சயமில்லை. சிப்பில் கோளாறு இல்லை, என் பொய் உலகத்தில்தான் கோளாறு.

“உங்க டெஸ்ட்பெஞ்சை டெஸ்ட் பண்ண இன்னொரு டெஸ்ட்பெஞ்ச் வேணும் போல,” என்றார். மொத்த அறையும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன். எதுக்கு இவ்ளோ அவசரம் எனக்கு? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன குடி முழுகிடும்?

மார்ச் 13, வியாழன்

நாள் முழுக்கக் கோடுகளை மட்டும் பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். வேலை முடிந்து நேராக இங்கே வந்து சோபாவில் சாய்ந்துவிட்டாள். காலை நீட்டியபடியே தூங்கப் போனவளை விடாமல் கேட்டேன்: அலாரம் அடிச்சா பட்டனை எப்படி அழுத்துவே?

“எப்படின்னா? விரலாலதான்.”

“இல்லக்கா, தட்டிட்டு எடுத்துடுவியா?”

“ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில டியூபு. முழங்கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன்டி. எடுத்தா மறுபடி கத்துமோன்னு பயம். நீ ஏன் இதெல்லாம் கேக்குறே?”

நான் பதில் சொல்வதற்குள் குறட்டை.

முழங்கை! சிப்புக்கு ஒரு விநாடி என்பது லட்சக்கணக்கான துடிப்பு. என் விரலோ ஒரே துடிப்பில் எடுத்துவிடுகிறது. எந்த மனுஷ விரல் அப்படி அழுத்தும்?

மார்ச் 17, திங்கள்

பொய் விரலை அமுக்கிப் பிடிக்க வைத்தேன். சூடு ஏறியது, அலாரம் அடித்தது, விரல் அழுத்தியது, அடங்கியது. விரல் இன்னும் பட்டன்மேல். அப்போது விசிறியை நிறுத்தினேன்.

சத்தம் இல்லை. விரலை எடுத்த பிறகும் இல்லை.

மானம் போன புதன்கிழமை ஞாபகம் வந்தது. அலாரம் ஏறியிருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒவ்வொரு கோடாகப் பின்னால் போனேன். கிளாக் ஏறும் கணத்தில் முட்டாமல்தான் மாற்றியிருக்கிறேனா? ஆமாம். விசிறி நின்ற செய்தி உள்ளே போயிற்றா? போயிற்று, ஒரே ஒரு துடிப்புக்கு. அந்தத் துடிப்பில் பட்டன் கோடு மேலேயே நிற்கிறது. பட்டன் அழுந்தியிருந்தால் சிப் வேறு எதையும் கவனிப்பதில்லை. செய்தி வந்தது, கேட்பாரில்லை, போய்விட்டது.

விசிறி நின்ற இன்குபேட்டருக்குள் ஒரு பச்சைக் குழந்தை.

நான்தான் மறுபடி தப்பா? சொல்லாவிட்டால்?

மார்ச் 18, செவ்வாய்

மேடத்திடம் போகவில்லை. நேராகப் பென்சிலிடம் போனேன், தனியாக இருந்தபோது. “ஒண்ணு காட்டணும். என் தப்பா இருந்தாலும் சொல்லுங்க.”

“இவ்ளோ நேரம் யாரு அமுக்கிட்டு இருப்பாங்க?” என்றார் முதலில்.

“எங்க அக்கா.”

அக்கா சொன்னதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. மௌஸை என் கையிலிருந்து வாங்கி, நான் போன வழியிலேயே ஒவ்வொரு கோடாகப் போனார். முகம் சுண்டிவிட்டது. “நாலு பேரு பாத்தோம் இதை,” என்றார், என்னிடம் இல்லை, திரையிடம். எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. எனக்கோ ஜெயித்த மாதிரியே இல்லை.

திரும்பி வந்தவர் என் மேசையில் ஒரு தேநீரை வைத்தார். “வாங்க, மேடத்துக்கிட்ட போலாம். நான் சொல்றேன். என் டிசைன், என் தப்பு.”

மேடம் முழுவதையும் கேட்டார். “தொழிற்சாலை வரிசையில நம்ம இடம் போயிடும். மேல இருக்கறவங்க குதிப்பாங்க,” என்றார். பிறகு தேதியைத் தள்ளிப்போட ஃபோனை எடுத்தார். “குதிக்கட்டும்.”

மார்ச் 21, வெள்ளி

மாற்றிய சிப்பில் ஓட்டினேன். விரல் பட்டன்மேல் இருக்கும்போதே விசிறிக்கோடு விழ, அலாரக்கோடு ஜிவ்வென்று ஏறியது. “கத்துது, கத்துது!” என்று கத்தியது நான்தான். இந்த முறை சிரித்தவர்களோடு சேர்ந்து நிஜமாகவே சிரித்தேன்.

மார்ச் 31, திங்கள்

மாதக் கடைசி. மேடம் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மாலையில் நானே போய், பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமா என்று கேட்டேன். “எதுக்கு?” என்றார். மறந்தே போயிருக்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் பென்சில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். புது வேலையாம், மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்கு ஒரு சிப். கையில் வெள்ளைத்தாள். “இன்னும் ஒரு வரிகூட எழுதல. முதல்ல சொல்லுங்க, இதை நீங்க எப்படியெல்லாம் கெடுப்பீங்க?”

சொல்ல ஆரம்பித்தேன். குழாய் மடங்கினால்? பாட்டில் காலியான அதே நேரம் கரண்ட் போனால்? அவர் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டே போனேன். தாள் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பியது.

வீட்டில் இவர், காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். “அப்படியே இருக்கே. உப்பு ஜாஸ்தியா?”

“தெரியலையே. திறக்கவே இல்ல,” என்றேன்.