சிமெண்ட் பூசின உன் அறை

என் ஆசை லாத்தா,

அன்னைக்கு உன் அறையில இருந்தது அஞ்சு பேர். கட்டில்ல நீ. வாசப்படிகிட்ட உன் தங்கச்சி நான். துபாயிலேர்ந்து லீவுல வந்திருந்த உன் மருமகன் ஜமால். அவன் பக்கத்துல உன் மகள் நூர்ஜஹான். சுவரைத் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்த கொத்தனார் சிங்காரம். ஒருத்தர் முகமும் எனக்கு மறக்கல.

ஜமால் சிமெண்ட் பூசணும்னதும் சிங்காரம் பதமாத்தான் சொன்னார். இது கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர், கடலோரத்து உப்பு ஈரம் அடியிலேர்ந்து ஏறும், வெயில் வந்தா சுவரே அதை வெளியே விட்டுடும், சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே நின்னுடும்னார். சுண்ணாம்பே பூசலாம்னார்.

ஜமால் சிரிச்சான். "வெத்தலையில தடவிக்குங்க கொத்தனாரே, வீட்டுக்கு வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். நீ என்னைத்தான் அடக்கின. "உம்மா இந்த வீட்டை எனக்குத்தான் கொடுத்துச்சு. உனக்கென்ன வந்துச்சு?"

அன்னைக்குக் காரைக்கால் பஸ் ஏறினவதான்.

ரெண்டே மழைக்காலம். சிமெண்ட் பாளம் பாளமா உப்பி விழுந்துச்சாம், கட்டிலோரம் பூசணம் ஏறுச்சாம், உனக்கு இளைப்பு கூடிடுச்சாம். நூர்ஜஹான் போன்ல சொன்னா. முன்னாடியெல்லாம் கத்திரி வெயில்லயும் அந்தச் சுவருல முதுகை ஒட்டிக்கிட்டுத்தானே தூங்குவ? என்னைக் கூப்பிட்டு விட்டியாமே லாத்தா? நான் வரல. உன் மையத்தை எடுத்த அன்னைக்குத்தான் வந்தேன். சுவரைத் தொட்டேன். கை நனைஞ்சுது.

ஜமாலை மன்னிச்சுட்டேன், அவனுக்குத் தெரியாது. சிங்காரம் சொல்லிப் பார்த்துட்டுத்தான் பூசினார். ஆனா உனக்குத் தெரியுமே? வாப்பா அந்தச் சுவரைப் பூச வச்சப்ப, சுண்ணாம்புல கலக்க கடுக்கா ஊறின தண்ணியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிக் கொடுத்தது நாமதானே? நம்ம வழக்கத்துல வீடு பொண்ணுக்கு, மருமகன் வந்து தங்குறவன். அவன் முகம் கோணிடக் கூடாதுன்னு தெரிஞ்சதையே மறைச்ச.

இப்ப ஜமால் அதே சுவருக்கு டைல்ஸ் ஒட்டணும்ங்கிறான். அந்த அறை இனி உன் பேத்திக்காம். அதுக்கும் இளைப்பு இருக்கு. சனிக்கிழமை சிங்காரத்தோட பட்டினத்து வீட்டுக்கு வர்றேன். சிமெண்டைக் கொத்தி எடுத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி முடிக்கிற வரைக்கும் உன் கட்டில்லதான் படுப்பேன். இது உனக்கு நான் தர்ற வாக்கு. ஜமால் முகம் கோணினா கோணட்டும்.

ஆனா மன்னிக்கவே முடியாத ஆள் ஒண்ணு இருக்கு. இத்தனை வருசத்துல ஒரு நாளும் உன்னைப் பேர் சொன்னதில்ல. இன்னைக்கு அந்தப் பேரை எழுதுறேன்.

ஜுலைஹா.

இப்படிக்கு,
உன் கூடப் பொறந்தவ