இடது பக்கம் திருப்பினால் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். எண்ணூர் முகத்துவாரத்தில் காற்று இல்லை. ஞாயிறன்று பாதி முழுகிய கம்பெனி லாஞ்சு, இனி மெக்கானிக் என் தலையில். இரண்டு ஆபீசர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்களாம். கட்டுமரக்காரர்கள் இழுத்து வந்து கரை சேர்த்தார்கள்.

ஓட்டியது சவரி. பிலோவின் தம்பி, என் மச்சான். அடியில் உள்ள வடிகால் மூடியைப் போட மறந்துவிட்டான் என்கிறார் மேனேஜர். சஸ்பெண்ட். கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

மூடியைப் பார்த்தேன். இறுக்கமாக மாட்டியிருக்கிறது, ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியவில்லை. கரைக்கு வந்த பிறகு மாட்டியிருப்பான், மறந்தான் என்றே ரிப்போர்ட் எழுது என்றார் மேனேஜர்.

ஜூன் 4, புதன்

புழுக்கம். ஆயில் இரண்டு தடவை மாற்றினேன். துறையில் கட்டிப்போட்டே இரண்டு மணி நேரம் ஓட்டம். சொட்டு இல்லை. குழாய்கள் சரி. அடிப்பலகை சரி.

மிச்சம், பின்பக்கம். என்ஜின் உள்ளே, விசிறி மாட்டிய கால் போன்ற பாகம் வெளியே. நடுவில் தண்டு போகும் ஓட்டையை மூட மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் உறை. அதைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

பிலோவிடம் பவுடர் டப்பா கேட்டேன். தூவி வைத்தால் தண்ணீர் ஓடிய தடம் தெரியும். புது டப்பா. முனகிக்கொண்டே கொடுத்தாள்.

ஜூன் 5, வியாழன்

இன்னொரு லாஞ்சு டிரைவர் காதர் பாய் ஓட்டினார். நான் என்ஜினுக்குப் பின்னால் இடுக்கில், மல்லாந்து, டார்ச்சோடு. நேராகப் போகும்வரை பவுடர் அப்படியே. இடது பக்கம் திருப்பினார். தண்டைச் சுற்றிக் குபுக்கென்று தண்ணீர்.

எழுந்திருக்கப் பார்த்தேன். தோள் மாட்டிக்கொண்டது. கத்தினேன், என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காது முழுகிற்று. பிறகு கன்னம். டார்ச்சால் பலகையை இடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நிறுத்தினார். சட்டை போயிற்று.

"இன்னா மாமு, மூஞ்செல்லாம் வெள்ளையா கீது?"

பவுடர் என்றேன். பவுடர் மட்டும் இல்லை. அந்த ரப்பரில் ஒட்டுப் போட்டவன் நான். போன வருஷம். வெளிநாட்டுச் சாமான், கிடைக்கவில்லை. மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னார், மடிப்புக்குள் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டினேன். தற்காலிகம் என்று பேச்சு. படகைத் திருப்பினால் மடிப்பு விரியும், ஒட்டு திறக்கும். இது தெரியாமலா ஒட்டினேன்?

சாயந்திரம் சவரி வந்தான். நாலு நாளில் இளைத்துவிட்டான்.

"எதுனா தெரிஞ்சுதா மாமா?"

இன்னும் பார்க்கிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 6, வெள்ளி

லாஞ்சைக் கரையேற்றி விசிறிக் காலைக் கழற்றினேன். ஒட்டு பாதி பெயர்ந்து தொங்குகிறது. மேனேஜர் குனிந்து பார்த்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

"மூடின்னே எழுதிடுப்பா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

உண்மையை எழுதினால் என் வேலை போகும். எழுதாவிட்டால் சவரி வேலை. ராயபுரம் பஸ்ஸில் உட்கார்ந்தே தூங்கியவன் போல வந்தேன், தூங்கவில்லை. பிலோ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தலைவலி.

ஜூன் 7, சனி

எழுதிவிட்டேன். ஒட்டியது நான், ஒட்டச் சொன்னது இன்னார், ஓட்டியவன் மேல் தப்பில்லை. மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அன்று தண்ணீரில் நின்ற பெரிய ஆபீசரிடம் நேராக. நின்றபடியே படித்தார், இரண்டு முறை. சவரி திங்கட்கிழமை வரலாம். நான், சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம். பூசை முடிந்து சவரியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வஞ்சிரக் குழம்பு. வேலை திரும்பியதைச் சொன்னதும் பிலோ அழுதாள். பிறகு ஒட்டு விஷயத்தையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"வியாயக்கெயம நான் வந்தப்பவே உனக்குத் தெரியுமா மாமா?"

தெரியும் என்றேன்.

தட்டைத் தள்ளி வைத்துக் கை கழுவிவிட்டு வெளியே போனான். பிலோவும் அவன் பின்னாலேயே தெருமுனை வரை போனாள். மூன்று மணியாகிறது. அவள் இன்னும் திரும்பவில்லை.